அம்மாவின் பகலுறக்கம்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம். பள்ளி விடுமுறையில் அம்மாவைப் பார்த்துவிட்டு நான்கே நாளில் புத்ராஜெயாவுக்குத் திரும்பிவிடலாம் என்று ஆயர் ஈத்தாமுக்கு வந்திருந்தேன். மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் செல்ல முடியாத நிலை. நான்கு நாள் பயணம் ஏறக்குறைய மூன்று மாதங்களாக நீண்டது.

அம்மாவின் வீடு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் மாடியில் இருக்கிறது. கதவைத் திறந்தால் பொது நடைவழி. அங்கு நின்று பார்த்தால் கெக் லோக் சி கோவிலின் கோபுரம் தெரியும். அதற்கும் மேலே, மரங்களுக்குள் மறைந்தபடி ஆயர் ஈத்தாம் அணைக்குப் போகும் மலைச்சாலை. வீட்டில் அம்மாவோடு அண்ணன் மகனும் இருந்தான். அண்ணனும் அண்ணியும் வேலை நிமித்தம் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டார்கள். அவன் அப்போது ஐந்தாம் படிவ மாணவன்; எஸ்.பி.எம். தேர்வு எழுத வேண்டிய ஆண்டு.

இயங்கலை வகுப்புகள் தொடங்கியதும்தான் சிக்கல் வெளிப்பட்டது. கைப்பேசி வழியாகக் கிடைத்த இணையத் தொடர்பு வீட்டுக்குள் அறுந்து அறுந்து வந்தது. நடைவழியில் மட்டுமே சீராகக் கிடைத்தது. ஆனால், நடைவழியில் மின்செருகி கிடையாது. எனவே, அவன் மடிக்கணினியை மின்கலத்திலேயே இயக்க வேண்டியிருந்தது. அது நான் 2010இல் வாங்கிப் பயன்படுத்தி, பிறகு அவனுக்குக் கொடுத்த பழைய கணினி. என் அலுவலகக் கணினியைக் கொடுக்கலாம் என்றால், அதே நேரத்தில் எனக்கும் கூட்டங்கள் இருந்தன.

வகுப்பு ஒரு மணி நேரம். மின்கலம் தாங்கியதோ 48 நிமிடம்.

“அத்தை, மறுபடியும் அணைந்துவிட்டது,” என்று அவன் உள்ளே வருவான். கூடுதல் கணித ஆசிரியர் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் அன்றைய பயிற்சியை விளக்குவார். அந்தப் பத்து நிமிடம் அவனுக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை அப்படி நடந்தபோது, “பாதியில் வெளியேறுவது மரியாதையா?” என்று ஆசிரியர் செய்தி அனுப்பியிருந்தார். அதைப் படித்த பிறகு அவன் மறுநாள் வகுப்பில் சேரவே இல்லை. புதிய மின்கலம் வாங்கலாம் என்றால் கடைகள் அடைத்திருந்தன. நானோ, “இரவெல்லாம் விளையாடினால் மின்கலம் எப்படித் தாங்கும்?” என்று அவனைக் கடிந்துகொண்டேன். அவன் பதில் பேசவில்லை.

சிக்கலின் முடிச்சை முதலில் தொட்டவர் அம்மாதான். அன்று மதியம் உணவு மேசையில் மடிக்கணினி திறந்தபடியே கிடந்தது. யாரும் எதையும் இயக்கவில்லை. மேசையைத் துடைக்க வந்த அம்மா அதன் அடிப்பகுதியில் கை வைத்தார். உடனே கையை எடுத்தார்.

“யாரும் வேலை வாங்கவில்லையே. சும்மா இருக்கிற ஐ.சி. ஏன் இப்படிச் சுடுகிறது?” என்றார்.

அது சாதாரணக் கேள்வி அன்று. அதைக் கேட்பதற்கான தகுதி அம்மாவுக்கு இருந்தது.

1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் உருவானது. அப்போதைய பினாங்கு முதலமைச்சர் துன் டாக்டர் லிம் சோங் இயூவின் முயற்சி அது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் நிறுவனம் அமைத்த முதல் தொழிற்சாலை அதே ஆண்டில் அங்குதான் தொடங்கியது. தொடக்கத்தில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் ‘எட்டு சாமுராய்கள்’ என்று குறிப்பிடுவார்கள். கணினியைத் திறந்து பார்த்தவர்கள், இன்டெல் சில்லுகள் பலவற்றின் மேல்மூடியில் ‘மலாய்’ என்று பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருக்கலாம். அவை மலேசியாவில் முழுமையாக்கப்பட்டவை என்பதற்கான அடையாளம் அது.

எழுபதுகளின் நடுவில், இருபது வயது தாண்டிய நிலையில், அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். முதல் சில ஆண்டுகள் நுண்ணோக்கி வழியே பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு இணைக்கும் வேலை. பிறகு சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். சில்லுகளைச் சூடான பெட்டிக்குள் வைத்து, மின்சாரம் கொடுத்து, மணிக்கணக்கில் இயக்கிப் பார்ப்பார்கள். பழுதாகக்கூடியது அங்கேயே பழுதாகிவிட வேண்டும். வாங்கியவர் வீட்டில் ஆகக்கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அம்மா சில்லுகளின் சூட்டோடு வாழ்ந்தவர்.

அம்மாவின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நான் கல்வியியல் படித்தவள். மின்னியல் படித்தவள் அல்லள். அன்றிரவு, என்னோடு இடைநிலைப்பள்ளியில் படித்து, இப்போது பாயான் லெப்பாஸில் பொறியாளராக இருக்கும் தோழியைத் தொலைபேசியில் அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“உன் அம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அந்தச் சில்லுக்கு ஓய்வெடுக்கத் தெரியும். ஆனால், அதை ஓய்வெடுக்க விட வேண்டியது இயங்குதளம். அங்கே போய்ப் பார்,” என்றாள் அவள்.

அவள் சொன்னதைக் கேட்டும், பிறகு நானே தேடிப் படித்தும் புரிந்துகொண்டதை இங்கே எளிமையாகச் சொல்கிறேன்.

கணினியின் மூளை எனப்படும் நுண்செயலி ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கான முறை துடிக்கிறது. அவன் கணினியில் இருந்த நுண்செயலி நொடிக்கு 200 கோடி முறைக்கு மேல் துடிக்கக்கூடியது. நாம் வேகமாகத் தட்டச்சு செய்தாலும் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அந்த இடைவெளியில் நுண்செயலி 40 கோடி முறை துடித்துவிடும். ஆக, நமக்கு இடைவிடாத உழைப்பாகத் தெரிவது நுண்செயலிக்கு நீண்ட காத்திருப்பு. காத்திருக்கும்போதும் முழு வேகத்தில் துடித்தால், மின்கலத்தில் உள்ள ஆற்றல் வீணே வெப்பமாக வெளியேறும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மெதுவாக நடப்பது. மற்றொன்று, உறங்குவது.

மெதுவாக நடப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. சில்லு செலவழிக்கும் மின்திறன் அதன் வேகத்தைப் பொறுத்தது. அதோடு, மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது. வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்க முடியும். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் இன்டெல் மடிக்கணினிகளுக்காக ‘ஸ்பீட்ஸ்டெப்’ என்ற நுட்பத்தை அறிமுகப்படுத்தியது. அதில் ஒரு பென்டியம் 3 நுண்செயலி, மின்செருகியில் இணைத்திருக்கும்போது 650 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 1.6 வோல்ட்டில் இயங்கும். செருகியைப் பிடுங்கினால் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்கு இறங்கும். நீங்களே பெருக்கிப் பாருங்கள். வேகம் குறைவது 23 விழுக்காடுதான். ஆனால், மின்செலவு ஏறக்குறைய 45 விழுக்காடு குறைகிறது. சிறிது விட்டுக்கொடுத்தால் மிகுதியாகக் கிடைக்கிறது.

அடுத்தது உறக்கம். நுண்செயலியின் உறக்கத்தில் பல படிகள் உண்டு. முதல் படி கண்ணயர்தல், கூப்பிட்டவுடன் எழுந்துவிடலாம். ஆழ்ந்த படிகளில் துடிப்பே நின்றுபோகும், மின்னழுத்தமும் இறங்கும். ஆழம் கூடக்கூடச் சேமிப்பு கூடும். ஆனால், ஆழ்ந்து உறங்கினால் எழுவதற்கும் நேரமாகும். ஆகவே, அடிக்கடி எழுப்பப்படும் நுண்செயலியால் ஆழ்ந்து உறங்க முடியாது.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. எப்போது மெதுவாக நடப்பது, எப்போது உறங்குவது என்று முடிவெடுப்பது யார்?

1990இல் இன்டெல் வெளியிட்ட 386எஸ்எல் என்ற நுண்செயலி மடிக்கணினிகளுக்காகவே உருவானது. மின்சாரத்தைச் சேமிக்கும் வசதி அதற்குள்ளேயே இருந்தது. 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் இணைந்து ஏபிஎம் என்ற விதிமுறையைக் கொண்டுவந்தன. அதில் பெரும்பாலான முடிவுகளை எடுத்தது, கணினியைத் தொடக்கும் ‘பயாஸ்’ என்ற அடிப்படை மென்பொருள். ஆனால், எந்தச் செயலி இயங்குகிறது, யார் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. குறிப்பிட்ட நேரம் விசை எதுவும் தட்டப்படவில்லை என்றால், வேலை இல்லை என்று எண்ணிக்கொள்ளும். இந்தக் குறையை நீக்க, 1996ஆம் ஆண்டு டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் ஏசிபிஐ என்ற புதிய விதிமுறையை வெளியிட்டன. முடிவெடுக்கும் பொறுப்பு இயங்குதளத்தின் கைக்கு மாறியது.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. “அது அப்படித்தானே இருக்க வேண்டும்? எந்த மேசையில் வேலை குவிந்திருக்கிறது, எந்த மேசை காலியாக இருக்கிறது என்பது லைன் லீடருக்குத்தான் தெரியும். வாசலில் நிற்கிற காவலாளிக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

ஆனால், பொறுப்பு கைக்கு வந்தால் மட்டும் போதாது. அதை நிறைவேற்றவும் கற்க வேண்டும். இயங்குதளங்கள் அதைக் கற்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி நுண்செயலியின் வேகத்தைத் தானே ஏற்றி இறக்கும் திறனோடு வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில், 2004இல் வெளிவந்த 2.6.9 பதிப்பு, தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டது. அதை உருவாக்கியவர்கள் இன்டெல் பொறியாளர்களான வெங்கடேஷ் பல்லிபாடியும் ஜுன் நகாஜிமாவும். சிறிது நேரத்துக்கு ஒருமுறை வேலைப்பளுவை அளந்து, கூடினால் வேகத்தை உடனே உயர்த்தும், குறைந்தால் இறக்கும். அதுவரை, நுண்செயலிக்குள் திறன் இருந்தும் அதைப் பயன்படுத்தத் தெரியாத இயங்குதளத்தை நிறுவியவர்களுக்கு அந்தத் திறன் இல்லாததற்குச் சமம்தான்.

உறக்கத்தைக் கற்பது இன்னும் கடினமாக இருந்தது. வேலை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இயங்குதளம் நுண்செயலியை ஒழுங்கான இடைவெளியில் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தது. விண்டோஸ் பொதுவாக நொடிக்கு 64 முறை எழுப்பியது. லினக்ஸ் சில அமைப்புகளில் நொடிக்கு 1000 முறை எழுப்பியது. “வேலை இருக்கிறதா? இல்லை. உறங்கு. வேலை இருக்கிறதா? இல்லை. உறங்கு.” இப்படி எழுப்பினால் யாரால் உறங்க முடியும்?

இந்த இடத்தைப் படித்தபோது நான் திரையிலிருந்து கண்ணை எடுத்தேன். இதை நான் முன்பே அறிவேன். எனக்கு எட்டு வயதாக இருந்தபோதே அறிந்திருந்தேன்.

அம்மாவின் தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் வேலை. இரவு வேலை வாரங்களில், இரவு பத்து மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்து கீழே வந்து நிற்கும். மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் அம்மா வீடு திரும்புவார். குளித்துவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பார். அப்பா காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். பள்ளி விடுமுறை நாள்களில் நானும் அண்ணனும் வீட்டில் இருப்போம். அம்மா உறங்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே, நாங்கள் சத்தமே போடமாட்டோம். கால் நுனியில்தான் நடப்போம். ஆனால், கதவை மெல்லத் திறந்து, மிகவும் பணிவாக, “அம்மா, பிஸ்கட் எடுக்கட்டுமா?” என்று கேட்போம். சற்று நேரத்தில், “அம்மா, அண்ணன் என் பென்சிலைத் தரமாட்டேன் என்கிறான்.” பிறகு, “அம்மா, சட்டைப் பொத்தான் எங்கே?” ஒவ்வொரு முறையும் அவர் கண் விழித்து, பதில் சொல்லி, திரும்பிப் படுப்பார். எங்களைப் பொறுத்தவரை அவர் எட்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை உறங்கினார். உண்மையில் அவர் உறங்கவே இல்லை.

ஒருநாள் மாலை, சமையற்கட்டில் நின்றபடியே அம்மா கண் சொருகிச் சரிந்தார். அப்பா தாங்கிப் பிடித்தார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கணம் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இன்றும் நடுக்கமாக இருக்கிறது.

மறுநாள் அப்பா பழைய நாள்காட்டி ஒன்றைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கம் தெரியும்படி சுவரில் மாட்டினார். ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டார். மேலே, ‘அம்மாவிடம் கேட்க வேண்டியவை’ என்று எழுதினார்.

“கேட்க வேண்டியதையெல்லாம் இதில் எழுதுங்கள். அம்மா இரண்டு மணிக்கு எழுந்ததும் ஒன்றாகக் கேளுங்கள். தீ, காயம், வாசலில் தெரியாத ஆள், இந்த மூன்றுக்கு மட்டும் உடனே எழுப்பலாம்,” என்றார்.

முதல் நாள் நாங்கள் எழுதியவை பதினொன்று. இரண்டு மணிக்கு அம்மா எழுந்து, தேநீரோடு அதன் முன் நின்று, ஐந்தே நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பாதிக் கேள்விகளுக்கு அதற்குள் நாங்களே விடை கண்டிருந்தோம். அந்த வாரம்தான் அம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

அப்பா எங்கள் வீட்டுச் சுவரில் செய்ததைத்தான் பொறியாளர்கள் இயங்குதளத்தில் செய்தார்கள். 2007இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.21 பதிப்பில், வேலையில்லாத நேரத்தில் வெறுமனே எழுப்பும் வழக்கம் நிறுத்தப்பட்டது. அடுத்த வேலை எப்போது என்று பார்த்து, அதுவரை உறங்க விட்டார்கள். 2009இல் வந்த விண்டோஸ் 7, வெவ்வேறு செயலிகள் வெவ்வேறு நேரத்தில் எழுப்ப நினைத்ததைச் சேர்த்து, ஒரே முறையில் எழுப்பக் கற்றுக்கொண்டது. விசையைத் தட்டுவது போன்ற உடனடித் தேவைக்கு மட்டும் நுண்செயலி எப்போதும்போல் உடனே விழிக்கும். தீ, காயம், வாசலில் தெரியாத ஆள்.

அப்படியானால், எங்கள் மடிக்கணினி ஏன் சுட்டது? மறுநாள் காலை நானும் அண்ணன் மகனும் அதன் மின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். ‘உயர் செயல்திறன்’ என்பது தேர்வு செய்யப்பட்டிருந்தது. அதற்குள் சென்றால், நுண்செயலியின் குறைந்தபட்ச நிலை 100 விழுக்காடு என்று இருந்தது. அதாவது, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேகத்தைக் குறைக்காதே என்பது கட்டளை.

அவன் தலை குனிந்தான். “போன ஆண்டு ஒரு விளையாட்டுக்காக நான்தான் மாற்றினேன், அத்தை. பிறகு மறந்துவிட்டேன்.”

“நானும்தான் காரணம் தெரியாமல் உன்னைத் திட்டினேன்,” என்றேன். மின்கலம் தாங்காததற்கு அவன் விளையாடியது காரணமன்று. விளையாடி முடித்த பிறகும் கணினிக்கு ஓய்வு கிடைக்காததே காரணம். அதை அறியாமல் பழியை மட்டும் சுமத்தியிருந்தேன்.

‘சமநிலை’ என்பதைத் தேர்வு செய்தோம். குறைந்தபட்ச நிலை 5 விழுக்காட்டுக்கு இறங்கியது. பின்னணியில் சத்தமின்றி ஓடிக்கொண்டிருந்த விளையாட்டுச் செயலியை நிறுத்தினோம். அது நுண்செயலியை ஓயாமல் எழுப்பிக்கொண்டிருந்தது. உலாவியில் திறந்து கிடந்த இருபது பக்கங்களை மூடினோம். திரையின் ஒளியைக் குறைத்தோம். பத்து நிமிடத்தில் விசிறியின் இரைச்சல் அடங்கியது. அம்மா வந்து அடிப்பகுதியில் கை வைத்துப் பார்த்தார். “இப்போது சரி,” என்றார். முப்பது ஆண்டுகள் சில்லுகளைச் சோதித்தவர் தந்த சான்றிதழ் அது.

பழைய மின்கலம் புதியதாகிவிடவில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனால், 48 நிமிடம் 80 நிமிடமானது. வகுப்புக்கு அது போதும்.

அன்று அவன் ஆசிரியருக்கு நடந்ததை விளக்கி ஒரு செய்தி அனுப்பினான். அவர் உடனே பதில் எழுதினார். நெடுநேரம் அந்தப் பதிலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடைவழிக்குப் போனான். கடைசிப் பத்து நிமிடத்தையும் சேர்த்து முழு வகுப்பும் கேட்டான்.

திறமையுள்ள ஒருவர் சோர்ந்து போகும்போது, நாம் அவருடைய திறமையைத்தான் ஐயப்படுகிறோம். அவருக்கு ஓய்வெடுக்கத் தெரியாது என்கிறோம். ஓய்வெடுக்கும் திறன் அவரிடமே இருக்கலாம். அவரை எழுப்பாமல் இருக்க நாம்தான் கற்கவில்லை. பாயான் லெப்பாஸின் சில்லுகளுக்கு உறங்கும் திறனைப் பொறியாளர்கள் கொடுத்துவிட்டார்கள். அவற்றை உறங்க விட இயங்குதளம் பல ஆண்டுகள் படிக்க வேண்டியிருந்தது. அந்தப் பாடத்தை எங்கள் அப்பா ஒரு நாள்காட்டியில் எழுதி முடித்திருந்தார்.

ஜூன் மாதம் 10ஆம் நாள் மாநில எல்லைகள் திறந்தன. புறப்படுவதற்கு முதல் நாள் பிற்பகல், வகுப்பு முடித்து உள்ளே ஓடி வந்தான் அண்ணன் மகன். திருத்திய தாளின் படம் கைப்பேசியில் இருந்தது. “பாட்டி!” என்று அழைக்க வாயெடுத்தவன், அறைக் கதவு சாத்தியிருப்பதைக் கண்டு நின்றான். வயதான பிறகும் அம்மாவுக்குப் பகலுறக்கப் பழக்கம் விடவில்லை. அவன் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒரு தாளை ஒட்டினான். அதில் ஒரு வரி எழுதிவிட்டுச் சத்தமில்லாமல் போனான்.

‘பாட்டி எழுந்ததும் காட்ட வேண்டும்: கூடுதல் கணிதம், 74.’